ஒழுங்கை வாசலில் தொடங்கிய பரிசோதனை

திருகோணமலை டச்சுக் குடாக் கடற்கரைக்குப் பின்புறமாக ஓடும் ஒழுங்கையொன்றில் உள்ள எங்கள் பரம்பரை வீட்டின் மேல்மாடியையும் பின்னறைகளையும், கோணேசர் கோயிலுக்கு வரும் அடியார்களுக்கும் நிலாவெளிப் பக்கம் போகும் உல்லாசப் பயணிகளுக்கும் வாடகைக்கு விடலாம் என்று குடும்பத்தில் முடிவானபோது, வியாபார அனுமதிப்பத்திரத்துக்கான கோவையில் தீயணைப்புப் பிரிவின் சான்றிதழும் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. இதே தேவை வேறு பலருக்கும் வரும் என்பதால் அதைப் பெற்ற விதத்தை எழுதிவைக்கிறேன். தீயணைப்புக் கருவிகளை வாங்கி மாட்டிவிட்டால் சான்றிதழ் கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் பெரும்பாலானோர் இந்த வேலையைத் தொடங்குகிறார்கள். பரிசோதனைக்கு வருபவர்களோ, வண்டி உள்ளே வருவதற்கும் மனிதர் வெளியே போவதற்கும் வழி இருக்கிறதா என்பதைப் பார்ப்பதிலேயே அதிக நேரத்தைச் செலவிடுகிறார்கள்.

இலங்கையில் தீயணைப்புச் சேவை பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. மாநகர சபைகளும் நகரசபைகளும் தத்தம் வருமானத்துக்கு ஏற்றபடி வண்டியும் ஆட்களும் வைத்து நடத்துகின்றன. பிரதேச சபைகளில் பலவற்றுக்குச் சொந்தமாக வண்டி இல்லை. ஆகவே நகர எல்லைக்கு வெளியே தீப்பற்றினாலும் நகரத்து வண்டிதான் ஓடவேண்டும். அது தூரத்துக் கிராமமொன்றுக்குப் போயிருக்கும் நேரத்தில் நகரத்துக்குள் ஒரு வீடு பற்றினால் என்ன செய்வது என்பது, சான்றிதழ் கேட்கப் போகும் வரை நான் யோசித்துப் பார்த்திராத கேள்வி. பெரிய தீயென்றால் கடற்படையினரின் உதவியும் கிடைப்பதுண்டு என்றாலும், முதல் பத்து நிமிடம் வீட்டுக்காரருடையது என்று எங்களைப் பரிசோதித்த உத்தியோகத்தர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எழுத்து வேலை சுலபமாகவே முடிந்தது. விண்ணப்பக் கடிதம், உறுதியின் பிரதி, சோலைவரி செலுத்திய பற்றுச்சீட்டு, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு படம் ஆகியவற்றைக் கொடுத்தோம். படவரைஞரிடம் காசு கொடுத்து வரைவித்த அழகான படத்தைவிட, மின் பிரதான ஆளி, காஸ் சிலிண்டர், கிணறு, தண்ணீர்த் தாங்கி, கதவுகள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பேனையால் குறித்த படமே தங்களுக்குப் பயன்படும் என்றார்கள். கட்டணத்தைக் கட்டியதும் பரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள்.

வந்த இருவரும் நேரே வீட்டுக்குள் நுழையவில்லை. ஒழுங்கை வாசலில் இறங்கி, அளவு நாடாவை விரித்தபடி நடந்து வந்தார்கள். தீயணைப்பு வண்டியின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீற்றர். இருபக்கமும் ஆட்கள் இறங்கிக் கதவைத் திறந்து குழாயை இழுப்பதற்கும் இடம் வேண்டும். எங்கள் ஒழுங்கையின் முடக்கில் ஒரு வீட்டு மதிலின் மூலையும், எதிர்வீட்டு வாசற்படியும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. அவ்விடத்தில் இரவில் இரண்டு முச்சக்கர வண்டிகள் நிறுத்தப்படும். அவை நிற்கும்போது பவுசர் திரும்பாது என்று உத்தியோகத்தர் அளந்து காட்டினார். தலைக்கு மேலே தொங்கிய தொலைபேசி வயர்களையும் அண்ணாந்து பார்த்துக் குறிப்பெடுத்தார். (எங்கள் ஊர்ப் புள்ளிமான்கள் இரவில் ஒழுங்கைக்குள் வந்து படுப்பதைப் பற்றி நான் சொன்னபோது, அவை சைரன் சத்தத்துக்கு எழும்பிவிடும், முச்சக்கர வண்டிதான் எழும்பாது என்றார்.)

இதிலே எனக்குச் சங்கடம் இருந்தது. என் விடுதிக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காக அயலவரிடம் போய் வண்டியை வேறிடத்தில் விடுங்கள் என்று எப்படிக் கேட்பது? உத்தியோகத்தரே அதற்கு வழி சொன்னார். ஒழுங்கைக்காரர் எல்லோரையும் ஒரு விடுமுறை நாளில் கூட்டினால், தாங்கள் வந்து தீயணைப்புச் செய்முறைப் பயிற்சி காட்டுவதாகவும், முடக்கு விடயத்தை அங்கே தாங்களே பேசுவதாகவும் சொன்னார். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

வீட்டுக்குள் அவர்கள் முதலில் கைவைத்தது யன்னல் கிறில்களில். கள்வர் பயத்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லா யன்னல்களுக்கும் சுவரோடு சேர்த்து இரும்புக் கிறில் அடித்திருப்போம். மேல்மாடிக்கு ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் புகை ஏறினால் மேலே தூங்குபவர் கூண்டுக்குள் அகப்பட்டது போலத்தான். ஆகவே மேலறை ஒவ்வொன்றிலும் ஒரு கிறிலை உள்ளிருந்து திறக்கக்கூடியதாக, பிணைச்சலும் சாவி தேவைப்படாத கொளுக்கியும் வைத்து மாற்றச் சொன்னார்கள். திறந்தால் கீழே போர்ட்டிகோவின் கூரைத்தளத்தில் இறங்க முடிய வேண்டும் என்பதையும் பார்த்தார்கள். வெல்டிங் வேலை செய்தவர் வழக்கம்போலப் பூட்டுப் போடும் வளையம் ஒன்றை வைத்துத்தான் கொண்டுவந்தார். அதை வெட்டி எடுக்கவைத்தோம். படிக்கட்டின் கீழிருந்த பழைய மெத்தைகளும் காட்போர்ட் பெட்டிகளும் அன்றைக்கே வெளியேறின. வெளியேறும் பாதையின் அடியிலேயே எரிபொருளைச் சேர்த்து வைப்பது எங்கள் எல்லா வீடுகளிலும் உள்ள பழக்கம்.

பெருந்தீ என்றால் இந்த ஊரின் மூத்தவர்கள் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்த கதையைச் சொல்வார்கள். எங்கள் ஒழுங்கையில் வரக்கூடிய தீயோ காஸ் அடுப்பிலிருந்தும் பொரிக்கும் சட்டியிலிருந்தும்தான் வரும். 12.5 கிலோகிராம் சிலிண்டரை அடுப்பு மேடையின் கீழே கதவு போட்ட அலுமாரிக்குள் வைத்திருந்தோம். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலெழுந்து யன்னலால் போகாது, தரையில் தேங்கிக் கிடக்கும். சுவருக்கு வெளியே, நிழலில், தரைமட்டத்தில் காற்றோட்டம் உள்ள கூடொன்று கட்டி அங்கே வைக்கச் சொன்னார்கள். 2021 நொவெம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்பு வெடிப்புகள் நடந்து, சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலந்த விகிதம் பற்றிப் பெரும் விவாதம் எழுந்ததை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்த சவர்க்கார நுரைச் சோதனையை, அதாவது குழாய் மூட்டிலும் றெகுலேற்றரிலும் நுரையைப் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதை, சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும் என்றும், றப்பர்க் குழாயை வெடிப்பு வரும் வரை வைத்திருக்கக்கூடாது என்றும் சொன்னார்கள்.

கருவிகளைப் பற்றி: மாடிக்கு ஒன்றாக உலர் தூள் நிரப்பிய 6 கிலோகிராம் கருவி, மின் பலகைக்கு அருகே காபனீரொட்சைட்டு நிரப்பியது ஒன்று, சமையலறையில் தீப் போர்வை. விற்பனையாளர் ஒருவர் இதைவிட இரண்டு மடங்கு எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். வாங்குவதற்கு முன் பரிசோதனையை முடித்துக்கொண்டு, எது வேண்டும் என்று எழுத்தில் பெற்றபின் கடைக்குப் போவதே நல்லது. கடற்கரை ஊரில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: உப்புக் காற்று. கருவியின் அடிவளையம் முதலில் துருப்பிடிக்கும்; வெளியில் மாட்டினால் அமுக்கமானியின் கண்ணாடிக்குள் ஈரம் கோத்து முள் தெரியாமல் போகும். எங்கள் கருவிகளை விறாந்தையில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டியது அதனால்தான். காபனீரொட்சைட்டுக் கருவிக்கு அமுக்கமானியே இல்லை. நிறுத்துப் பார்த்துத்தான் நிரம்பியிருக்கிறதா என்று அறியலாம்.

மின்சாரத்தில் எங்களுக்குத் தலையிடி குறைவு. 30 மில்லியம்பியர் ட்ரிப் ஆளி ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது மின்கசிவுக்கு விழுமே தவிர, ஒரே நீட்டிப்பு வயரில் கேத்தலையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் விருந்தினர் சேர்த்துச் செருகினால் சூடாகும் வயரைக் காப்பாற்றாது என்பதால், அறைகளில் கூடுதல் செருகிகளைப் பொருத்தினோம்.

பயிற்சி நாளுக்கு நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்தது. ஒழுங்கை முடிவிலுள்ள வெறுங்காணியில் இரும்புத் தட்டொன்றில் டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். கச்சான் காற்று வீசும் காலம். காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நிற்காவிட்டால் தீயும் தூளும் சேர்ந்து முகத்தில் அடிக்கும் என்று காட்டினார்கள். 6 கிலோகிராம் கருவி இருபது செக்கனுக்குள் தீர்ந்துவிடும். ஆகவே தூரத்திலிருந்து சுவாலையின் மேல் அடித்து வீணாக்காமல், பின்னை இழுத்து, குழாயைத் தீயின் அடிக்குக் குறிவைத்து, இடமும் வலமுமாகத் துடைப்பது போல அடிக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்து, முதல் அடியிலேயே தட்டை அணைத்தார். இளைஞர்கள் இருவர் அவருக்குப் பிறகு தடுமாறினார்கள். பொரிக்கும் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுபோல் இருந்தாலும், ஏன் என்று அன்றுதான் விளங்கியது: தண்ணீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறிகிறது. அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுவதே முறை.

முடக்கு விடயத்தை உத்தியோகத்தர் கணக்காகவே பேசினார். 4,000 லீற்றர் கொண்டுவரும் வண்டியின் ஒரு குழாய் நிமிடத்துக்கு 400 லீற்றர் இறைத்தால், பத்து நிமிடத்தில் தண்ணீர் முடிந்துவிடும், பிறகு கிணறுதான். வண்டி முடக்கிலேயே நின்றுவிட்டால் கிணற்றுக்குப் பம்பியை ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். யாருடைய கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்று கேட்டு, வீடு வீடாகத் தம் கொப்பியில் குறித்துக்கொண்டார். முச்சக்கர வண்டிக்காரர்களில் ஒருவர், “ஐயா, எங்கட வீடும் உள்ளுக்குத்தானே இருக்கு” என்று சொல்லி அன்றிரவே வண்டியைக் காணிக்குள் விட்டார். மற்றவரும் சில நாட்களில் அப்படியே செய்தார். நான் தனியாகப் போய்க் கேட்டிருந்தால் இது நடந்திராது.

இரண்டாவது பரிசோதனை சுருக்கமாக முடிந்தது. கிறில்களைத் திறந்து பார்த்தார்கள். புகை எச்சரிக்கைக் கருவியை அழுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு அறைக் கதவின் பின்புறமும் வெளியேறும் பாதையும், தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990, பொலிஸுக்கு 119 என்ற இலக்கங்களும் மூன்று மொழிகளிலும் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தார்கள். வெளிநாட்டவர் ஒருவர் இரவில் அழைத்தால் இடம் சொல்லத் தெரியாது என்பதால், வீதியின் பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொன்னது நல்ல யோசனை.

சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். புதுப்பிக்கும்போது கருவிகளின் பராமரிப்புத் துண்டுகளைக் காட்ட வேண்டும் என்பதால், அவற்றைக் கோவையில் சேர்த்து வைத்திருக்கிறேன். தொலைபேசி வயர்களை உயர்த்தித் தருமாறு ஒழுங்கைக்காரர் எல்லோரும் கையொப்பமிட்டு உரிய நிறுவனத்துக்குக் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை; அதன் பிரதியொன்றைத் தீயணைப்புப் பிரிவிலும் கொடுத்திருக்கிறோம்.