ரூட் 66-இல் போவதென்றால்: நிறுத்தங்கள் முதலில், படுக்கை அப்புறம்

ரூட் 66 என்ற சாலை அமெரிக்க நெடுஞ்சாலைக் கணக்கில் இன்று கிடையாது. 1926 நவம்பர் 11-இல் எண் கொடுத்தார்கள், 1985-இல் பிடுங்கிக்கொண்டார்கள். சிகாகோவில் கிளம்பி எட்டு மாநிலங்களைக் கடந்து, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சாண்டா மோனிகா வரை 2,448 மைல். நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தார் பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது, ஓட்டவும் முடியும். ஆனால் ஓரிடத்தில் அது மாநிலச் சாலை, இன்னோரிடத்தில் ஒரு சிற்றூரின் கடைத்தெரு, வேறோரிடத்தில் இன்டர்ஸ்டேட் என்ற அதிவேக நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் சர்வீஸ் ரோடு. கூகுள் மேப்பில் சிகாகோ, சாண்டா மோனிகா என்று மட்டும் போட்டால் கொலராடோ, யூட்டா வழியாக ஏறத்தாழ 2,000 மைலில் முடித்துவிடும். ரூட் 66 கண்ணில் படுவதே அரிது.

பெரும்பாலோர் முதலில் மோட்டல்களைப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் நடுவில் என்ன இருக்கிறது என்று தேடுகிறார்கள். இந்தச் சாலைக்கு அது சரிப்படாது. இங்கே பார்க்க வேண்டியவை எல்லாம் நேரத்துக்குக் கட்டுப்பட்டவை. நியூ மெக்சிகோவின் டுகும்காரியில் ப்ளூ ஸ்வாலோ மோட்டலின் நியான் பலகை இருட்டினால்தான் பலகை. பகலில் வெறும் தகரம். அரிசோனாவின் ஓட்மேனில் தெருவில் திரியும் கழுதைகள் பகலில் வந்து சாயங்காலம் மலைக்குப் போய்விடும். சின்ன மியூசியங்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பூட்டியிருக்கும், குளிர்காலத்தில் மாதக்கணக்கில்கூட. ஆகவே எந்த நிறுத்தம் எந்த நேரத்தில் என்று முதலில் எழுதி, அதற்கு இடையில் படுக்கையைச் செருக வேண்டும்.

பழைய சாலையில் சராசரி வேகம் மணிக்கு 35, 40 மைலைத் தாண்டாது. ஒவ்வொரு ஊரிலும் சிக்னல், வேக வரம்பு, தவறவிட்ட திருப்பம். பதினான்கு நாள் என்று வைத்தால் நாளுக்கு 175 மைல், ஓட்டுவது மட்டும் ஐந்து மணி நேரம். நான்கு நிறுத்தம், ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி, சாப்பாடு, பெட்ரோல் சேர்த்தால் பகல் சரியாகப் போய்விடும். ஐந்தாவது நிறுத்தம் எழுதினால் அது அடுத்த நாளைத் தின்னும். மேற்கே போகிறவர்களுக்கு மாலை வெயில் நேரே கண்ணாடியில் அடிக்கும். காலை ஏழுக்குக் கிளம்பி நாலரை, ஐந்துக்குள் நிறுத்துவது நல்லது.

பத்து நாள்தான் லீவு கிடைத்தது என்றால் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்காதீர்கள். சில துண்டுகளை முழுசாக விட்டுவிட்டு இன்டர்ஸ்டேட்டில் பறந்துவிடுங்கள். என் தீர்ப்பு இது: டெக்சாஸில் பழைய சாலையைப் பிடிவாதமாகத் தேட வேண்டாம், அங்கே அது பெரும்பாலும் ஐ-40-க்கு (இன்டர்ஸ்டேட் 40) பக்கத்துச் சர்வீஸ் ரோடுதான். ஷாம்ராக்கில் 1936-இல் கட்டிய யூ-டிராப் இன், க்ரூமில் வேண்டுமென்றே சாய்த்து நிறுத்திய தண்ணீர்த் தொட்டி, அமரில்லோ, ஏட்ரியன், இவற்றுக்கு மட்டும் இறங்கினால் போதும். ஓக்லஹோமாவை மட்டும் சுருக்கவே கூடாது. நானூறு மைலுக்கு மேல், ஓட்டக்கூடிய பழைய தார் மிக நீளமாக மிஞ்சியிருப்பது அங்கேதான். கட்டூசாவில் குளத்தில் கிடக்கும் 80 அடி கான்கிரீட் நீலத் திமிங்கிலம், ஃபாயிலில் எட் காலவே கட்டிய 90 அடி கான்கிரீட் டோட்டம் கம்பம் (பழங்குடியினர் பாணியில் உருவங்கள் கொண்ட தூண்), ஆர்கேடியாவில் 1898-ஆம் வருஷத்து வட்ட வடிவக் கொட்டகை, எல்லாம் அந்த ஒரே மாநிலம். திமிங்கிலம் ஹியூ டேவிஸ் என்பவர் திருமண நாள் பரிசாக மனைவிக்குக் கட்டியது. அதற்கு அந்த அம்மாள் என்ன சொன்னாரோ. கான்சஸில் மொத்தமே 13 மைல்தான், அதை இன்டர்ஸ்டேட்டில் சுற்றிப்போவதில் அர்த்தமில்லை.

இல்லினாய்ஸில் ராட்சதர்களைப் பின்தொடருங்கள். வில்மிங்டனில் ராக்கெட்டைக் கையில் பிடித்த ஜெமினி ஜயன்ட், அட்லான்டாவில் ஹாட்டாக் பிடித்த பால் பன்யன் (அமெரிக்க நாட்டுக்கதையில் வரும் ராட்சத மரவெட்டி). 1960-களில் கலிஃபோர்னியாவின் வெனிஸில் ஒரு கம்பெனி ஃபைபர்கிளாஸில் வார்த்துத் தள்ளியவை இவை. கோடாரி பிடிக்கச் செய்த அச்சு அது, அதனால் ஒரு உள்ளங்கை மேலே பார்க்கும், மறு கை கீழே பார்க்கும். கோடாரியை எடுத்துவிட்டு டயர் கொடுத்தார்கள், சைலன்சர் கொடுத்தார்கள், ஹாட்டாக் கொடுத்தார்கள். கையைப் பார்த்தாலே எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும்.

மேப் விஷயம். கூகுளில் ஒரு வழிக்குத் தொடக்கத்தைத் தவிர ஒன்பது நிறுத்தம்தான் போட முடியும், ஆகவே நாளுக்கு ஒரு வழியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'நெடுஞ்சாலையைத் தவிர்' என்ற தேர்வைத் தட்டாதீர்கள். அது பழைய சாலையைக் கண்டுபிடிக்காது, ஏதோ வயல்வெளிச் சாலையில் தள்ளிவிடும். பழைய சாலைத் துண்டின் நடுவில் ஒரு புள்ளியை நீங்களே வைத்தால்தான் வழி அதன் மேல் ஏறும். கூகுளின் மை மேப்ஸில் நீங்கள் போட்ட குறிகள் நெட் இல்லாத இடத்தில் தெரியாது. அரிசோனாவின் செலிக்மனுக்கும் கிங்மனுக்கும் இடையிலும், மொஹாவி பாலைவனத்திலும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ஆஃப்லைன் மேப்பை இறக்கிக்கொண்டு, நிறுத்தத்தின் பெயரையும், இன்டர்ஸ்டேட்டிலிருந்து இறங்கும் வழியின் எக்சிட் எண்ணையும் ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் வையுங்கள். எக்சிட் எண் வெறும் எண் அல்ல. இந்த வழியில் அது மைல் கணக்கு. கிழக்கு-மேற்குச் சாலையில் மாநிலத்தின் மேற்கு எல்லையிலிருந்து எண்ணுவார்கள். டெக்சாஸ் ஐ-40-இல் எக்சிட் 60 என்றால் நியூ மெக்சிகோ எல்லைக்கு இன்னும் 60 மைல். போன் செத்தாலும் தூரம் தெரியும். பழைய சாலையைக் காட்டும் பழுப்பு நிறப் பலகைகள் அங்கங்கே உண்டு, ஆனால் நம்பியிருக்க வேண்டாம். நினைவுப் பொருளாகத் திருடிக்கொண்டு போகிறவர்கள் அதிகம்.

அந்த எக்சிட் 60-தான் அமரில்லோவை ஒட்டிய காடிலாக் ராஞ்ச். 1974-இல் ஆன்ட் ஃபார்ம் என்ற கலைஞர் குழு பத்து காடிலாக் கார்களை மூக்கு மண்ணுக்குள் போகும்படி வரிசையாக நட்டுவைத்தது. நகரம் நெருங்கிவர, 1997-இல் மொத்தத்தையும் இரண்டு மைல் மேற்கே தோண்டி நகர்த்தினார்கள். வருகிறவர்கள் எல்லாம் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாம், அதுதான் மரபு. அடித்து அடித்து உலோகம் தெரியவில்லை. ஓரங்களில் பெயின்ட் பாளம் பாளமாகத் தொங்கும், மேல்தோல் காய்ந்து உள்ளே இன்னும் பிசுபிசுக்கும். கையை ஊன்றினால் சட்டை போச்சு. அந்தச் சமவெளியில் காற்று நிற்பதே இல்லை, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் பெயின்ட் காரில் படும், எதிரே நின்றால் முகத்தில். மழை பெய்த மறுநாள் கார்களைச் சுற்றிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், பாதை முழுக்க ஒட்டும் களிமண். தூக்கிப்போடத் தயாரான செருப்போ, ஷூவுக்கு மேல் கட்ட பிளாஸ்டிக் பையோ வேண்டும். பெயின்டை அமரில்லோவிலேயே ஒரு டப்பா மட்டும் வாங்குங்கள். மிச்சத்தைக் காரில் வைத்துக்கொண்டு போனால் ஆபத்து: அந்த டப்பாக்கள் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது, கோடையில் பூட்டிய காருக்குள் அது சாதாரணம். விமானத்திலும் விட மாட்டார்கள். காலி டப்பாவை அங்கேயே எறிந்துவிட்டு வரவும் கூடாது.

டெக்சாஸ் முடிந்து நியூ மெக்சிகோ தொடங்கும் எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அமரில்லோவில் மெதுவாகக் கிளம்பினாலும் டுகும்காரியின் நியானுக்கு நேரம் இருப்பது இதனால்தான். அடுத்தது குழப்பம்: அரிசோனா கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றாது. கோடையில் நியூ மெக்சிகோவிலிருந்து அரிசோனாவுக்குள் நுழையும்போது இன்னொரு மணி நேரம் கூடும், கலிஃபோர்னியா எல்லையில் மாற்றமில்லை. குளிர்காலத்தில் நேர் எதிர். முன்பதிவு நேரங்களை அந்தந்த ஊரின் நேரத்திலேயே எழுதுங்கள்.

அரிசோனாவில் ஹோல்புரூக்கின் விக்வாம் மோட்டலில் தங்கவேண்டும் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பிடியுங்கள். கூம்பு வடிவக் கான்கிரீட் கூடாரங்கள், மொத்தம் பதினைந்துதான். கிடைக்காவிட்டால் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று கலிஃபோர்னியாவில், சான் பெர்னார்டினோ - ரியால்டோ எல்லையில் இருக்கிறது. அரிசோனா ஊர்களில் எங்கே படுத்தாலும் ரயில் பாதை எவ்வளவு பக்கம் என்று மேப்பில் பாருங்கள். ஐ-40-ஐ ஒட்டி ஓடுவது நாட்டின் முக்கியமான சரக்கு ரயில் பாதை, ராத்திரி முழுக்க ஹார்ன். காதுக்குப் பஞ்சு ஒரு டாலர் மருந்து.

கார். சிகாகோவில் எடுத்து லாஸ் ஏஞ்சலஸில் விடுவதற்கு ஒருவழிக் கட்டணம் தனியாகச் சேரும், அது நாள் வாடகையைவிடப் பெரிதாகவும் வரலாம். மொத்தத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். 25 வயதுக்குள் என்றால் அதற்கும் தனிக் கட்டணம். எடுக்கும்போதே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். பல புதிய கார்களில் காற்றடிக்கும் கிட் மட்டும்தான்; டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அதனால் பிரயோஜனமில்லை. ஓக்லஹோமாவின் டோல் சாலைகளில் காசு வாங்க ஆளில்லை, நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வாடகை நிறுவனத்துக்கு அனுப்புவார்கள், நிறுவனம் தன் பங்குக்குச் சேவைக் கட்டணம் போடும். மேப்பில் டோலைத் தவிர்த்தால் போதும், பழைய 66 அதற்குப் பக்கத்திலேயே இலவசமாக ஓடுகிறது. டெக்சாஸ் - நியூ மெக்சிகோ எல்லையில் உள்ள க்ளென்ரியோவிலிருந்து சான் ஜான் வரை பழைய பாதை மண் சாலை. மழையில் சேறு; அதோடு பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் தார் இல்லாத சாலைக்கு அனுமதியில்லை, வண்டி மாட்டினால் இன்ஷூரன்ஸும் கைவிடும். அந்தத் துண்டுக்கு ஐ-40-தான்.

ஏப்ரல் கடைசி, மே, அல்லது செப்டம்பரிலிருந்து அக்டோபர் பாதி வரை போகலாம். வசந்தத்தில் ஓக்லஹோமாவில் சூறாவளிக் காலம். எச்சரிக்கையில் ஊர்ப்பெயரைவிடக் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயர்தான் முன்னால் வரும், ஆகவே எந்தக் கவுன்ட்டியில் இருக்கிறோம் என்பது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் ஆல்புகெர்க்கியில் பலூன் விழா, அறைக்கு அடிதடி. 2026 சாலையின் நூற்றாண்டு, கூட்டம் வழி நெடுக.

சைவம் சாப்பிடுகிறவர்கள் நியூ மெக்சிகோவில் பீன்ஸ் என்றதும் நிம்மதியடைய வேண்டாம். பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், சோற்றைக் கோழிச் சாறில் வேகவைப்பதும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஐ-40-இல் பஞ்சாபி லாரி ஓட்டுநர்களுக்காகப் பெட்ரோல் பங்குகளில் டாபாக்கள் முளைத்திருக்கின்றன. ஓக்லஹோமாவின் சேயரில் ஒன்று பேர்போனது. பருப்பும் ரொட்டியும் அங்கே கேள்வி கேட்காமல் கிடைக்கும்.

கிங்மனில் டாங்கியை நிரப்புங்கள். அங்கிருந்து ஓட்மேன் வழியாகப் பார்ஸ்டோ வரை ஏறத்தாழ 220 மைல், நடுவில் கிடைக்கும் பெட்ரோல் கலிஃபோர்னியா பாலைவன விலை. கிங்மனுக்கு அப்புறம் சிட்கிரீவ்ஸ் கணவாய் கொண்டை ஊசி வளைவுகள், ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது, 40 அடிக்கு மேல் நீள வண்டிக்குத் தடை. ஏறும்போது ஏசியை அணையுங்கள், இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறையுங்கள். ஓட்மேனில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும், கழுதை தலையை உள்ளே விடும். தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் விட்டுப்போன கழுதைகளின் வாரிசுகள் அவை. கடையில் விற்கும் புல்கட்டியை மட்டும் கொடுங்கள். நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டிய குட்டிக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, ஸ்டிக்கரே அதைத்தான் சொல்கிறது. அதன் பிறகு மொஹாவி பாலைவனத்தின் ஆம்பாய் பக்கம் போகுமுன் சான் பெர்னார்டினோ கவுன்ட்டியின் சாலைத் தகவலைப் பாருங்கள். அங்கே பழைய மரப் பாலங்கள் வெள்ளத்தில் சேதமாகிச் சில துண்டுகள் மூடிக் கிடக்கின்றன, மேப்பில் திறந்திருப்பதாகவே தெரியலாம்.

சான் பெர்னார்டினோவுக்கு மேற்கே பழைய சாலை என்பது எண்பது மைல் சிக்னல். ரியால்டோவின் கூம்புகளைப் பார்த்துவிட்டு 210 நெடுஞ்சாலையில் ஏறிவிடுங்கள். ஞாயிறு காலை நகரத்துக்குள் நுழையும்படி நாட்களை அமையுங்கள். வெள்ளி மாலை வந்தால் கடைசி இருபது மைல் முதல் இருநூறைவிட நீளம். 1936 முதல் சாலை முடிந்த இடம் லிங்கன், ஒலிம்பிக் தெருக்களின் சந்திப்பு, பார்க்க ஒன்றும் இல்லை. எல்லோரும் படம் எடுக்கும் 'சாலையின் முடிவு' பலகை கடலுக்குள் நீளும் பாலத்தின் (சாண்டா மோனிகா பியர்) மேல் இருக்கிறது, 2009-இல் வைத்தது. பாலத்தின் மேலே பார்க்கிங் விலை அதிகம். நாலு தெரு தள்ளி நகராட்சிப் பார்க்கிங் கட்டடங்கள் இருக்கின்றன, அங்கே விட்டுவிட்டு நடக்கலாம்.