ஸ்வீட் கார்னுக்குப் பூவைப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள்

வீட்டுத் தோட்டத்தில் ஸ்வீட் கார்ன் வைப்பவர்களில் பலர், கீரைப் பாத்திக்குத் தெளிப்பதுபோல இதற்கும் தினமும் மாலையில் பூவாளியால் மேலாகத் தெளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். செடி ஆள் உயரம் வளர்ந்துவிடுவதால் குறை எதுவும் கண்ணில் படுவதில்லை. கதிரை உரிக்கும்போதுதான் மணிகள் பாதிகூடப் பிடிக்காதது தெரியவருகிறது. இந்தப் பயிருக்குச் செடியின் உயரத்தைப் பார்த்துத் தண்ணீர் விடக் கூடாது, பூவைப் பார்த்துத்தான் விட வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்வீட் கார்ன் விதை, மாவுச்சத்து குறைந்து சுருங்கிக் கிடப்பது. ஈரம் தேங்கினால் முளைப்பதற்குள் அழுகிவிடும். விதைத்த அன்று ஒரு தண்ணீரும் மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீரும் (முளைப்புக்கான இரண்டாம் தண்ணீர்) கொடுத்த பிறகு, முழங்கால் உயரம் வரும்வரை காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர் என்று விட்டாலே போதும். எங்கள் கோவைச் செம்மண்ணில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்து, மண் ஒட்டாமல் உதிர்ந்தால் மட்டுமே ஓஸைத் திறக்கிறேன். கரிசல் மண் உள்ளவர்கள் இன்னும் சில நாள் பொறுக்கலாம். இளஞ்செடிக்கு வறட்சியைவிடத் தேங்கிய தண்ணீரே பெரிய கேடு, ஏனென்றால் வேருக்குக் காற்று கிடைக்காமல் போவதோடு தழைச்சத்தும் கரைந்து கீழே இறங்கி, அடி இலைகள் மஞ்சளாகிவிடும். உச்சி வெயிலில் இலை சுருள்வதைக் கண்டு பதற வேண்டியதில்லை, சாயங்காலம் தானாக விரிந்துகொள்ளும். விடிந்து சற்று நேரத்திலேயே சுருண்டிருந்தால்தான் வேரடியில் ஈரம் இல்லை என்று பொருள்.

ஆண் பூ உச்சியில் தலைகாட்டும் நேரம் நெருங்கியதும் இந்தச் சிக்கனத்தை விட்டுவிட வேண்டும். கதிரின் நுனியில் தொங்கும் குஞ்சத்தின் ஒவ்வொரு பட்டு இழையும் உள்ளே ஒரே ஒரு மணிக்குரியது; அந்த இழையில் மகரந்தம் விழுந்தால்தான் அந்த மணி பிடிக்கும். இழை நீண்டு வெளியே வருவதற்குத் தண்ணீர் ஏராளமாகத் தேவை என்பதால், செடி காய்ந்தால் குஞ்சம் தாமதமாகிறது, மேலே ஆண் பூவோ காத்திருக்காமல் மகரந்தத்தை உதிர்த்து முடித்துவிடுகிறது. கதிரின் அடிப்பகுதி இழைகள் முதலிலும் நுனி இழைகள் கடைசியிலும் வெளிவருவதால்தான், தண்ணீர் குறைந்த கதிர்கள் பெரும்பாலும் நுனி மொட்டையாக நிற்கின்றன. இதற்கு உரம் போதவில்லை என்று சொல்லி மேலும் யூரியாவைக் கொட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்; போன மணி உரத்தால் திரும்பாது. ஆண் பூ வெளிவருவதற்குச் சற்று முன்பு தொடங்கி குஞ்சம் பழுப்பாகும்வரை மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதும் தண்ணீரை வேரடியில் மட்டுமே விட வேண்டும், ஏனென்றால் மகரந்தம் பெரும்பாலும் காலை வேளையில் உதிரும், நனைந்த ஆண் பூவிலிருந்து அது உதிராது.

அளவைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் விடுவது 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். இரண்டுக்கு மூன்று மீட்டர் பாத்தியில் ஏறத்தாழ 40 செடிகள் நிற்கும். அதற்கு வாரம் 150 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் பத்து வாளி. சித்திரை வெயிலில் பூ வந்துவிட்டால் இதைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். அதைத் தினமும் பங்கிட்டுத் தெளிக்காமல், வாரத்தில் இரண்டு மூன்று முறையாக ஆழமாக இறங்கும்படி விட்டு, காய்ந்த சருகையோ வைக்கோலையோ மூடாக்காகப் போடலாம். மாடியில் பையில் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பூக்கும் காலத்து வெயிலில் பை ஒரே நாளில் காய்ந்துவிடும் என்பதால், காலையும் மாலையும் தண்ணீர் விட முடியாதவர்களுக்கு இந்தப் பயிரை நான் பரிந்துரைப்பதில்லை.

தானியத்துக்கான மக்காச்சோளத்தைக் கடைசியில் காயவிடுவார்கள், ஸ்வீட் கார்னை அப்படி விடக் கூடாது, பால் பிடிக்கும் பருவம் முழுக்க ஈரம் வேண்டும். குஞ்சம் வெளிவந்து மூன்று வாரம் நெருங்கும்போது தோகையைச் சற்று விலக்கி ஒரு மணியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தெளிந்த நீர் வந்தால் தண்ணீரை நிறுத்தாமல் இன்னும் ஓரிரு நாள் பொறுங்கள். பால் தெறித்தால் அன்றே ஒடித்துவிடலாம். கெட்டியான மாவாக வந்தால் பக்குவம் தாண்டிவிட்டது, அதை மாட்டுக்குப் போடலாம்.