வாகைகுளம் ஏப்ரன் குறிப்புகள்

8 ஜூன் 2025, ஞாயிறு

சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் நெல்லைச் சீமைக்கு வருவதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி, "பார்க்கிங் எவ்வளவு?" கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. செஸ்னா 172 என்ற நாலு இருக்கை விமானத்துக்குத் தூத்துக்குடி விமான நிலையமான வாகைகுளத்தின் ஏப்ரனில், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில், பார்க்கிங் பெரிய செலவு அல்ல. பில்லைப் பெரிதாக்குவது வேறு இனங்கள்.

இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் பில்லில் வரும் இனங்கள் இவை: தரையிறங்கு கட்டணம், பார்க்கிங், வான்வழி வழிகாட்டல் கட்டணம், நிலைய வழிகாட்டல் கட்டணம், பணி நேரத்தை நீட்டிக்கச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம். தரைச் சேவை, அதாவது ஹேண்ட்லிங், தனி ஏஜென்சியின் பில். எரிபொருள் எண்ணெய்க் கம்பெனியின் பில். கட்டணங்களின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும்.

தரையிறங்கு கட்டணத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 80 இருக்கைக்குக் குறைந்த விமானத்துக்கு இது கிடையாது என்று காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த விலக்கு கால அட்டவணைப்படி பறக்கும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் விலக்கு உண்டு. நாலு இருக்கை சொந்த விமானம் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று விதித்திருந்தால், எடை ஒரு டன் ஆனாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

10 ஜூன், செவ்வாய்

பார்க்கிங் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும்.

எடையை அருகிலுள்ள முழு டன்னுக்குக் கொண்டுவருவார்கள். 172எஸ் மாடலின் உச்ச எடை 1,157 கிலோ. ஆகவே ஒரு டன். முதல் 2 மணி நேரம் இலவசம். அடுத்த 2 மணி நேரத்துக்குச் சாதா விகிதம். நாலு மணியைத் தாண்டினால் மணிக்கு இரட்டை விகிதம். தரை தொட்டு, விமானம் நிற்கும் இடமான ஸ்டாண்டுக்கு வர 15 நிமிடம், ஸ்டாண்டிலிருந்து புறப்பாட்டு முனைக்குப் போக 15 நிமிடம், இரண்டையும் கணக்கிலிருந்து விட்டுவிடுவார்கள். நிஜமாக ஆறு நிமிடத்தில் டாக்ஸி, அதாவது தரையில் ஓட்டிப் போவது, முடிந்தாலும் அதே 15தான். மிச்ச நேரத்தில் துண்டு நிமிடம் இருந்தால் முழு மணியாக ஏற்றிக்கொள்வார்கள்.

காலை 9:10-க்குத் தரை தொட்டு மாலை 3:40-க்கு மேலெழுந்தால் தரையில் ஆறரை மணி நேரம். அரை மணி போக ஆறு. இரண்டு இலவசம், இரண்டு சாதா, இரண்டு இரட்டை. சாதா விகிதத்தில் ஒரு மணியை ஒரு அலகு என்று வைத்தால் மொத்தம் 6 அலகு. அதே விமானம் 3:45-க்குக் கிளம்பினால் இன்னொரு மணி ஏறி 8 அலகு. 24 மணி நேரம் நின்றால் இருபத்து மூன்றரை மணி. இலவசம் போக இருபத்தொன்றரை, ஏற்றினால் 22. அதில் 2 சாதா, 20 இரட்டை, ஆக 42 அலகு. நடப்பு விகிதத்தை நிலையத்தின் கட்டண அட்டவணையில் எடுத்து 42-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு டன் விமானத்துக்கு வரும் தொகையைப் பார்த்தால், இதற்காகவா ராத்திரி தங்காமல் ஓடினோம் என்று தோன்றும்.

15 ஜூன், ஞாயிறு

குற்றாலத்தில் சாரல். தென்காசிப் பக்கம் மேகம் மலையைத் தொட்டு நிற்க, வாகைகுளத்தில் வெயிலும் காற்றும் மட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இதுதான் நிலைமை. செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் பிதுங்கி வரும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான்.

ஓடுபாதை 10/28, அதாவது ஒரு பக்கம் ஏறக்குறைய 100 டிகிரியும் மறுபக்கம் 280 டிகிரியும் நோக்கியது. மேல்காற்றுக்கு 28 ஏறக்குறைய நேராக அமைந்தது நல்ல காலம். ஆனால் காற்று 240 டிகிரிக்குத் திரும்பி 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வீசினால் குறுக்குக் காற்று 16 நாட். 35 நாட் வீச்சு வந்தால் 22. செஸ்னா 172எஸ் கையேட்டில் செய்து காட்டப்பட்ட குறுக்குக் காற்று 15 நாட். தகுதியுள்ள கையும் அங்கே தடுமாறும். காலை எட்டு மணிக்குள் இறங்கிவிடுவது இந்தப் பருவத்துக்கு நல்ல திட்டம். பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து புகுந்து மேல்காற்றோடு மோதும்போது, இறங்குமுகத்தில் வேகம் ஏறி இறங்கும்.

29 ஜூன், ஞாயிறு

மதுரையிலிருந்து வாகைகுளம் சுமார் 67 கடல் மைல். திருவனந்தபுரத்திலிருந்தும் அதே தூரம்தான். எரிபொருள் கணக்கில் இரண்டும் ஒன்று. பாதையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மதுரைப் பாதை சமவெளி. திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோடு போட்டால் அது 1,868 மீட்டர் அகத்தியர்மலைக்குத் தெற்கே சில மைல் தள்ளி மலைத்தொடரைத் தாண்டும். அடியில் சொன்னால் உச்சி 6,100-க்கு மேல். அதற்கு மேல் 2,000 அடி இடைவெளி வைத்து, திசைக்கென்று ஒதுக்கிய உயரத்தைப் பார்த்தால் கிழக்கு நோக்கி 9,500 அடி, மேற்கு நோக்கி 8,500 அடி. மேல்காற்றுக் காலத்தில் நம் பக்கம் மலையின் நிழல் பக்கம். காற்று மலையேறி இந்தப் பக்கம் கவிழ்ந்து விழும். பாபநாசம், மணிமுத்தாறுக்கு மேல் அந்த இறங்கு காற்றில் மாட்டிய 172, முழு பவர் கொடுத்தும் உயரம் இழக்கலாம். கிழக்கிலிருந்து மேற்கே போகும்போது ஆபத்து கூடுதல், ஏனெனில் எதிர்காற்றில் வேகம் குறைந்து அந்தப் பகுதியிலேயே நெடுநேரம் நிற்க நேரும். மலைக்கு நேராக மோதப் போகாமல் 45 டிகிரி சாய்வாக அணுகினால் திரும்பி வர இடம் கிடைக்கும்.

கன்னியாகுமரி சுற்றி வருகிறேன் என்பவர்களுக்கு வேறு எச்சரிக்கை. விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையத்தின் கோபுரங்கள் 471 மீட்டர், அதாவது 1,545 அடி உயரம். வாகைகுளத்திலிருந்து தென்மேற்கே சுமார் 25 கடல் மைல். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் தெரியாது. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம், எல்லாம் இந்த மூலையில்தான். அரசின் விமானத் தகவல் நூலான ஏ.ஐ.பி.யில் தடைப் பகுதிகளைச் சொல்லும் ஈ.என்.ஆர். 5.1 பகுதியையும், விமானிகளுக்கான அன்றைய அறிவிப்பான நோட்டத்தையும் படிக்காமல் இந்தப் பக்கம் கோடு போடவே கூடாது.

கயத்தாறில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. மேலிருந்து பார்த்தால் ஓடுபாதை என்று மனம் நம்பிவிடும். அது விமானம் இறங்கும் நிலையம் அல்ல.

27 ஜூலை, ஞாயிறு

நேற்றுப் பிரதமர் புது முனையத்தைத் திறந்து வைத்தார். 17,340 சதுர மீட்டர், ஏறத்தாழ 450 கோடி ரூபாய்த் திட்டம். ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டுவதும் அதில் சேர்த்தி.

சிறு விமானத்துக்குப் பழைய நீளமே தாராளம். இங்கே கடல்மட்டத்திலிருந்து உயரம் குறைவுதான். 38 டிகிரி வெயிலில் காற்று மெலிந்து அடர்த்தி உயரம், அதாவது விமானம் உணரும் உயரம், 2,800 அடியைத் தொடும், அப்போதும் 172-க்கு இடம் மிச்சம். நமக்கு மாறப்போவது வேறு. பெரிய விமானங்கள் வரும், ஏப்ரனில் நமக்குக் கொடுக்கும் மூலை மாறும், ஸ்டாண்டிலிருந்து வாசலுக்கு நடக்க விடாமல் வண்டி ஏறச் சொல்வார்கள், அந்த வண்டிக்கு ஹேண்ட்லிங் பில்லில் ஒரு தொகை ஏறும். கட்டுமானம் நடக்கும் நிலையத்தில் எவ்வளவு நீளம் பயன்பாட்டில் இருக்கிறது என்பதைச் செய்தித்தாளில் பார்க்கக் கூடாது. ஏ.ஐ.பி.யின் ஏ.டி. 2.13 பகுதியில் அறிவித்த தூரமும் நோட்டமும் சொல்வதுதான் நீளம்.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே விமானத்தைக் கயிற்றால் கட்டி நிறுத்துபவர் மனதில் இருக்க வேண்டிய வாக்கு. 172 தரையில் நிற்கும்போதும் இறக்கை இறக்கைதான். அதன் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கும் குறைந்தபட்ச வேகம், 50 நாட் அளவை ஒட்டியது. அந்த வேகத்தில் எதிரே காற்று வீசி மூக்கும் கொஞ்சம் தூக்கினால் முழு எடையையும் இறக்கை தாங்கத் தொடங்கும். அப்போது கயிறு மட்டுமே துணை.

மூக்கை மேற்கே வைத்து நிறுத்துங்கள். இறக்கைத் தாங்கு கம்பியின் மேல்முனையில் இருக்கும் இரண்டு வளையம், வாலில் ஒன்று, ஆக மூன்று இடம். நைலான் கயிறு; சணல் கயிறு மழையில் நனைந்தால் சுருங்கி இறக்கையை இழுத்து வளைக்கும். கயிறு வெளிப்பக்கமாகச் சாய்ந்து, ஒரு அங்குலத் தளர்வோடு இருக்கட்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. இறக்கையின் பின்மடிப்பான ஃபிளாப் மேலே. ஸ்டியரிங்கைப் பூட்டும் கண்ட்ரோல் லாக் உள்ளே. பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்: வெயிலில் பிரேக் எண்ணெய் விரிந்து அழுத்தம் ஏறும், அவசரத்துக்கு யாரும் விமானத்தைத் தள்ளி நகர்த்தவும் முடியாது.

கட்டுவதற்குத் தரையில் வளையம் இருக்கிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி. ஏர்லைன் விமானத்துக்குப் போட்ட கான்கிரீட் ஏப்ரனில் பெரும்பாலும் இருக்காது. ஸ்டாண்ட் கேட்கும்போதே இதையும் எழுதிக் கேளுங்கள். ஏடிஆர் விமானம் திரும்பும் இடத்துக்குப் பின்னால் ஸ்டாண்ட் கொடுத்தால் மறுத்து வேறு கேளுங்கள்; அதன் புரொப்பெல்லர் காற்று சிறு விமானத்தின் சுக்கானை அடித்து வளைக்கும்.

காற்றழுத்தத்தை வாங்கி வேகமானிக்குக் கொடுக்கும் பிட்டோ குழாயின் உறையை இறங்கின கையோடு மாட்டுங்கள். குளவி மண்கூடு கட்ட ஒரு பகல் போதும், அடுத்த புறப்பாட்டில் வேகமானி செத்துக் கிடக்கும். உப்பளக் காற்று வேறு. இரண்டு நாள் நின்றால் திரும்பிப் போனதும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

14 செப்டம்பர், ஞாயிறு

எரிபொருள். பெட்ரோல் எஞ்சின் விமானத்துக்கு ஆவ்காஸ் 100எல்எல் வேண்டும். நீல நிறம். முன்பு முழுக்க இறக்குமதி. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் வதோதரா சுத்திகரிப்பு ஆலைச் சரக்கை அறிமுகம் செய்தது. ஏர்லைன் நிலையத்தில் கிடைப்பது மண்ணெண்ணெய் இனமான ஜெட் ஏ-1. ஆவ்காஸ் வேண்டுமென்றால் பேரலில் வரவழைக்க வேண்டும். லாரி வாடகை, நிலையத்துக்குள் கொண்டுபோகும் அனுமதி எல்லாம் சேர்ந்து லிட்டர் விலையை மறக்கடித்துவிடும்.

ஆகவே திரும்பும் எரிபொருளையும் தூக்கிக்கொண்டு வருவதுதான் மலிவு. கோவையிலிருந்து 150 கடல் மைல். 110 நாட் வேகத்தில் போக வர இரண்டே முக்கால் மணி, மணிக்கு 35 லிட்டர் வீதம் 96 லிட்டர். இறங்க முடியாவிட்டால் மதுரைக்கு மாற்றுப் பயணம் 21, கடைசி 45 நிமிட இருப்பு 26. மொத்தம் 143. பயன்படும் அளவு 200 லிட்டர் என்பதால் காற்றுக்கும் காத்திருப்புக்கும் 57 மிச்சம். விலை எடையில் கொடுக்கிறோம்: 200 லிட்டர் 144 கிலோ. மூன்று பேர் ஏறினால் பெட்டிக்கு இடமில்லை.

டயமண்ட் டிஏ40 என்ஜி போன்ற டீசல் எஞ்சினுக்கு ஜெட் ஏ-1 போதும். அப்போதும் வண்டியில் இறக்கை மேல் ஊற்றும் நாசில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏர்லைனுக்கு அழுத்தக் குழாய் வழியாக அடியில் ஏற்றும் வண்டி நம் டேங்குக்கு உதவாது. பெட்ரோல் விமானத்தில் தவறி ஜெட் ஏ-1 விழுந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், டாக்ஸியும் ஓடும். முழு பவரில் தட்டல் வந்து பிஸ்டன் உடையும். ஊற்றும்போது ஆள் பக்கத்தில் நிற்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

17 அக்டோபர், வெள்ளி

ஹேண்ட்லிங். மனக்கசப்பு இங்கேதான் மிகுதி. பத்து டன் பிசினஸ் ஜெட்டுக்குப் போட்ட பொட்டலத்தை அப்படியே நாலு இருக்கை விமானத்துக்கும் கட்டுவது நியாயமே இல்லை. இரண்டு டன்னுக்குக் கீழ் தனி விகிதம் வைத்தால் நிலையத்துக்கும் போக்குவரத்து கூடும், ஏஜென்சிக்கும் வேலை கூடும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை செய்யக்கூடியது: புறப்படும் முன் மின்னஞ்சலில் வரிவரியாக விலை கேளுங்கள். வேண்டியவை பிரதிநிதித்துவம், ஆள் போக்குவரத்து, சக்கரக் கட்டை. வேண்டாதவை டோயிங் (வண்டியால் இழுத்து நகர்த்துவது), தண்ணீர், கழிவறைச் சேவை, தரை மின்சாரம். தரை மின்சாரத்தை விலைக்காக மட்டும் மறுக்கவில்லை. வண்டி கொடுப்பது 28 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி வைத்த பழைய 172-இல் செருகினால் ரேடியோ அடுக்கே கருகும். டோயிங் வண்டிக்குப் பதில் சொந்தக் கைத் தண்டைக் கொண்டுவாருங்கள். முன்சக்கரத்தில் குறித்திருக்கும் 30 டிகிரி எல்லைக்கு மேல் திருப்பினால் சக்கரத்தின் திரும்பலைத் தடுக்கும் ஸ்டாப் உடையும்.

இன்னொரு வீண் செலவு பணி நேர நீட்டிப்பு. ஏ.ஐ.பி.யில் எல்லாம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். 1230 என்றால் நம் கடிகாரத்தில் மாலை ஆறு. ஐந்தரை மணி கூட்ட மறந்து திட்டம் போட்டால் டவர் மூடியிருக்கும் நேரத்தில் வந்து நிற்பீர்கள். கண்ணால் பார்த்துப் பறக்கும் விஎஃப்ஆர் விமானம் சூரியன் விழுந்த பின் கிளம்பவும் முடியாது. கார்த்திகையில் இங்கே ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஃப்ளைட் பிளானைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாவது கொடுத்து, விமானத் தகவல் மையம் தரும் எஃப்ஐசி எண்ணையும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணையும் வாங்கி எழுதி வைத்த பிறகே எஞ்சின் அனுமதி கேளுங்கள். அரை மணிக்கு மேல் தாமதமானால் தாமதச் செய்தி அனுப்ப வேண்டும்.

6 டிசம்பர், சனி

வடகிழக்குப் பருவம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய ஊர்ப்பக்கம் இது. நிலையத்தில் மழையில் நின்ற விமானத்தின் டேங்க் மூடி ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கும். 172எஸ்-இல் எரிபொருளைக் கொஞ்சம் வடித்துப் பார்க்கும் இடம் 13: இறக்கைக்கு ஐந்து, வயிற்றில் மூன்று. அவசரத்தில் இறக்கைக்கு ஒன்று மட்டும் வடிப்பவர்களைப் பார்க்கலாம். பதின்மூன்றும் வடியுங்கள். கண்ணாடிக் குவளை முழுக்கத் தண்ணீராகவே வந்தால் அடுக்குத் தெரியாது, சுத்தமான எரிபொருள் என்று கண் நம்பும். நீல நிறம் இருக்கிறதா என்று வெள்ளைக் காகிதத்தின் முன் பிடித்துப் பாருங்கள்.

கடன் கணக்கு இல்லாதவர்கள் புறப்படும் முன் பணம் கட்ட வேண்டும். அதற்கு அரை மணி ஒதுக்குங்கள், இல்லையென்றால் அந்த அரை மணியே அடுத்த பார்க்கிங் மணியாக ஏறும். பில் கையில் வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: உச்ச எடை பதிவுச் சான்றிதழில் உள்ளதா, தரை தொட்ட நேரம் டவர் சொன்ன நேரமா, யுடிசி நேரத்தை நம் நேரமாக மாற்றியதில் நாள் மாறியிருக்கிறதா. அதிகாலை ஐந்தரைக்கு முன் வந்து போனவற்றில் இந்த மூன்றாவது பிழை வருவதுண்டு. ஒரு நாள் பார்க்கிங் கூடுதலாக விழும். கவுண்டரிலேயே சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள், ஊருக்குப் போய்க் கடிதம் எழுதினால் மாதக்கணக்கில் இழுக்கும்.