சாட்ஸ்வொர்த் நாட்குறிப்பு: மாத்திரையும் மீனும்

ஜூன் 9

கேப்டவுனிலிருந்து மகள் பார்சல் அனுப்பியிருக்கிறாள். மீன் எண்ணெய், வைட்டமின் டி, மிளகுச்சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல். “வயசானா உடம்புக்குள்ள அழற்சி தானா கூடுமாம்பா, இதெல்லாம் குறைக்குமாம்” என்று வாட்ஸ்அப்பில் குரல். எனக்கு 72. பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை. டர்பனில் இந்தியர்கள் நிறைந்த எங்கள் சாட்ஸ்வொர்த்தில் இந்த வயதில் சர்க்கரை இல்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவள் சொல்வதில் முதல் பாதி சரிதான். தொற்று, காயம் எதுவும் இல்லாமலேயே முதியவர் உடம்பில் நோயெதிர்ப்பு மண்டலம் லேசாகப் புகைந்துகொண்டே இருக்கிறது என்று 2000-இல் இத்தாலியின் கிளாடியோ ஃபிரான்செஸ்கி குழுவினர் எழுதினார்கள். அழற்சியைக் காட்டும் ஐஎல்-6, சிஆர்பி என்ற இரண்டு புரதங்களும் ரத்தத்தில் மெல்ல ஏறும். மாத்திரை அதை இறக்குமா என்பதுதான் கேள்வி.

ஜூன் 12

சிஆர்பி பார்க்கப் போனேன். “சளி பிடிச்சிருக்கே அங்கிள், இப்ப எடுத்தா நம்பர் பொய் சொல்லும், நல்லா ஆனதும் வாங்க” என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இதயத்துக்கு ஆபத்து குறைவு, 3-க்கு மேல் அதிகம், 10-ஐத் தாண்டினால் முதலில் தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டுமாம்.

ஜூன் 15

மழை. வீட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் ‘வைட்டல்’ என்று ஒரு பெரிய ஆய்வு. 50 வயது தாண்டிய ஆண்கள், 55 தாண்டிய பெண்கள், மொத்தம் 25,871 பேர். தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி, மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு 1 கிராம், அல்லது மருந்தே இல்லாத போலி மாத்திரை. அதில் ஒரு பகுதியினரின் ரத்தத்தைப் பார்த்தபோது, வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு 2 வருடத்தில் சிஆர்பி 19 சதவீதம் குறைந்திருந்தது. 4-ஆம் வருடத்தில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. ஐஎல்-6 அசையவே இல்லை.

ஐரோப்பாவில் ‘டூ-ஹெல்த்’, அதே வைட்டமின் டி, ஒமேகா-3 ஆகியவற்றைச் சோதித்த இன்னொரு ஆய்வு. 70 தாண்டிய 2,157 பேர், 3 வருடம். எலும்பு முறிவு, ரத்த அழுத்தம், ஞாபகசக்தி எதிலும் சொல்லிக்கொள்ளும்படி லாபமில்லை. 2025-இல் அவர்களில் 777 பேரின் மரபணுக்கள்மேல் வயதோடு மாறும் வேதிக் குறிகளை ஆராய்ந்து, ஒமேகா-3 எடுத்தவர்களின் உயிரியல் வயது, அதாவது அந்தக் குறிகள் காட்டும் உடம்பின் வயது, மூன்று மாதமோ நான்கு மாதமோ மெதுவாக ஓடியதாகச் சொன்னார்கள். மூன்று வருடம் விடாமல் விழுங்கி மூன்று மாத இளமை! வட்டிக் கணக்காகப் பார்த்தால் தபால் சேமிப்பே தேவலை.

ஜூன் 21

தென்கரையில் சார்டின் மீன் (மத்தி) கூட்டம் வந்துவிட்டது. சுறா வலைகளை எடுத்துவிட்டார்களாம், மச்சான் விடியற்காலையிலேயே வாளியோடு ஸ்காட்பர்க் கடற்கரைக்கு ஓடினார். எங்களுக்கும் பங்கு வந்தது. புளி, தக்காளி, நிறையப் பூண்டு, கறிவேப்பிலை. முள்ளோடு நன்றாக வேகவிட்டு மறுநாள் சாப்பிட வேண்டும். இந்த மீன் நூறு கிராமில் சுமார் ஒரு கிராம் ஒமேகா-3 உண்டு. கூடவே புரதமும் சுண்ணாம்புச்சத்தும். கேப்சூலில் ருசியாவது உண்டா?

ஜூன் 24

மீன் கொடுத்த உரிமையில் மச்சான் அந்த மஞ்சள் கேப்சூல் பாட்டிலைக் கேட்டார். கொடுக்கவில்லை. அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர். மஞ்சள் கேப்சூலும் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். சமையல் மஞ்சளில் குர்குமின் என்ற முக்கியச் சத்து சுமார் 3 சதவீதம்தான், அதுவும் ரத்தத்தில் அதிகம் ஏறாது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் பல மடங்கு ஏறும் என்று 1998-லேயே பெங்களூருவில் காட்டினார்கள். அப்படி ஏற்றிய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டதும் பதிவாகியிருக்கிறது. மச்சானுக்குக் கோபம். இருக்கட்டும்.

ஜூலை 3

சிஆர்பி 1.2. “இதுல இன்னும் என்னத்தை இறக்கப் போறீங்க அங்கிள்?” என்றார் டாக்டர். வைட்டமின் டி மட்டும் தனியாகப் பார்க்கச் சொன்னார். டர்பன் வெயில் இருந்தாலும் கறுத்த தோல், வயதான தோல் குறைவாகத்தான் தயாரிக்கும், குறைந்திருந்தால் எடுக்கலாம். மற்றபடி அவர் கைவைத்தது என் தொப்பையில். வயிற்றுக் கொழுப்பே ஐஎல்-6 சுரக்குமாம். ஈறு வீக்கமும் சிஆர்பியை ஏற்றும் என்று பல் டாக்டருக்குச் சீட்டு எழுதினார்.

மகளிடம் சொன்னேன். “காசு போட்டு வாங்கினதுப்பா, மீன் எண்ணெயையாவது முடிச்சிடுங்க” என்கிறாள். மீன் கிடைக்காத வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறேன். பல் டாக்டர் செவ்வாய்க்கிழமை.