அண்ணாவியாரின் கொப்பியும் என் முதுமாணி ஆய்வும்

முதுமாணிக்கு மரபுரிமை முகாமைத்துவம் படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது, "இங்கை காக்கிறதுக்கு என்ன மிஞ்சிக் கிடக்கு, பிள்ளை?" முல்லைத்தீவுப் பக்கம், முள்ளியவளையில் இருந்துகொண்டு அதற்கு உடனே பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

வெள்ளி இரவு பஸ் எடுத்தால் விடியக் கொழும்பு. சனி, ஞாயிறு வகுப்பு, திங்கள் ஊரில் வேலை. இரண்டு வருடம் அப்படித்தான் போனது. பாடமெல்லாம் ஆங்கிலத்தில். பழைய கட்டடங்களைக் காப்பதற்குச் சர்வதேச அளவில் எழுதிய வெனிஸ் சாசனம் (1964) கல்லையும் சுவரையும் பற்றியே பேசியது. அவுஸ்திரேலியாவில் எழுதிய புர்ரா சாசனம் (1979) கொஞ்சம் பிடித்தது. ஒரு இடத்தைத் தொடமுதல் அது யாருக்கு, ஏன் முக்கியம் என்று அறியச் சொல்கிறது. எங்கள் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமோ, பெரும்பாலும் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத்தான் தொல்பொருள் என்கிறது. எங்கள் ஊரில் ஆடும் கூத்து போன்ற கலை அதற்குள் வராது. கலை, சடங்கு போன்ற தொட்டுணர முடியாத மரபுரிமையைக் காக்கும் யுனெஸ்கோவின் 2003 சமவாயத்துக்குள் வரும். இலங்கை அதை 2008இல் ஏற்றுக்கொண்டது. அதை வாசித்த இரவுதான் அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது.

முதல் முன்மொழிவுக்கு 'வன்னியின் மரபுரிமை' என்று தலைப்புப் போட்டேன், திரும்பி வந்தது. "ஒரு ஊர், ஒரு கலை, அது போதும்" என்றார் மேற்பார்வையாளர். அந்தச் சொல்லால் ஆறு மாதம் மிச்சம். நீங்களும் சின்னதாகவே தொடங்குங்கள். நான் எடுத்தது முல்லை மோடியில், அதாவது முல்லைத்தீவுப் பாணியில், ஆடும் கோவலன் கூத்து.

கண்ணகியின் கதையைப் பாடும் கூத்தை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலைப் பாராமல் எழுத முடியாது. பாக்குத்தெண்டல் என்ற சடங்கில் தொடங்கி, சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்பு நீரில் விளக்கு எரிப்பார்கள். அடுத்த திங்கள் வற்றாப்பளையில் பொங்கல். இதில் ஒவ்வொரு வேலைக்கும் வழிவழியாக வந்த உரித்துக்காரர் உண்டு. யார், எப்போது, எதைச் செய்வது என்று ஒருவரும் எழுதி வைத்துப் பார்க்கவில்லை. நான் வகுப்பில் படித்த முகாமைத்துவத்தை எங்கள் ஊர் எப்பவோ செய்துகொண்டிருந்தது. ஆய்வு முழுக்க நான் சொல்ல நினைத்தது இதைத்தான்: புதுத் திட்டம் போட முதல், ஊரில் ஏற்கெனவே இருக்கிற ஒழுங்கைப் படியுங்கள்.

கஷ்டப்பட்டது சம்மதப் படிவத்தில். நேர்காணும் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து வைச்சால் பிறகு விசாரிக்க வருவினமோ?" என்று கேட்டார். எத்தனை பதிவு, எத்தனை படிவம் கண்ட ஊர் இது. வற்புறுத்த மனம் வரவில்லை. வாய்ச்சம்மதத்தை ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்டு எழுதினேன், இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. இப்படிக் களத்துக்குப் போகிறவர்கள் இதை முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள்.

சம்மதம் சொன்ன அன்று அவர் ஒரு சீஆர் கொப்பியை எடுத்து வந்தார். பொலித்தீன் பையில் சுற்றி, அரிசி மூட்டைக்குள் வைத்து 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் வரை காவிப்போனதாம். ஓரமெல்லாம் ஈரம் ஊறி மை பரவியிருந்தது. கடைசி நாலு தாள் இல்லை. இல்லாத பக்கம் வந்ததும் கொப்பியை மடியில் வைத்துவிட்டு, தொடையில் தாளம் தட்டிக்கொண்டே பாடினார். நிற்கவில்லை, தடுமாறவில்லை. என் ஆய்வு அட்டவணையில் 'உரிமையாளர்' என்ற கட்டத்துக்கு என்ன எழுத என்று கேட்டேன். "என்ரை எண்டு எழுதாதை பிள்ளை. அம்மாளின்ரை, பிறகு ஆடுற பெடியளின்ரை." அப்படியே எழுதினேன். பரீட்சகர் அதைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்.

கட்டிய ஆய்வேட்டின் ஒரு பிரதியோடு, பாடல்களைப் பெரிய எழுத்தில் தனியாக அச்சடித்தும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாவியார் கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்துக்கொண்டு போனார். மாதவி பாடும் இடத்தில் நின்று, "இந்த அடி ரெண்டு தரம் வரோணும்" என்றார். பேனை கேட்டு வாங்கித் தானே எழுதினார். அதே இடத்தில் என் பிரதியிலும் அதை எழுதிக்கொண்டேன்.