ஜூபா ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன்

3 மார்ச் 2025, திங்கள்

ஒப்பந்தம் மெயிலில் வந்துவிட்டது. தெற்கு சூடான், ஜூபா தளம், எம்ஐ-8 எம்டிவி ஹெலிகாப்டர், கேப்டன் வேலை. ஆறு வாரம் அங்கே, ஆறு வாரம் வீட்டில். விமானப்படையில் எம்ஐ-17 ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு இது கைபழகிய மெஷின்தான். சம்பளம் டாலரில், நாள் கணக்கில். இங்கே சார்ட்டர் கம்பெனிகள் தருவதைவிட நன்றாகவே அதிகம். வருமான வரியெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

பணத்துக்காக மட்டும் யோசிக்கிறேன் என்று எழுதினால் அது பொய். அந்த ஊரில் மே மாத வாக்கில் மழை பிடித்தால் கரிசல் மண் பாதையெல்லாம் சேறாகிவிடும். பெந்தியு, மலக்கால் பக்கம் பல ஊர்களுக்கு மாதக்கணக்கில் லாரி போகாது. சோளம், மருந்து, பிரசவம் சிக்கலான பெண் எல்லாம் வானத்தில்தான் போயாக வேண்டும்.

கிழக்கு காங்கோவில் ஐ.நா. பணியில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். புழுதித் தரையில் இறங்கும்போது கடைசிச் சில மீட்டரில் கண்ணாடிக்கு வெளியே செம்மண் நிறம் தவிர எதுவும் தெரியாது. ஃப்ளைட் இன்ஜினியர் கதவோரம் குனிந்து தரையைப் பார்த்தபடி உயரத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் குரலை நம்பித்தான் கையை அசைக்க வேண்டும். புழுதி அடங்கியதும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடி வருவார்கள். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். இன்னமும் பிடிக்கும்.

5 மார்ச், புதன்

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மனைவியிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏனுங்க, அங்க உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் யாருகிட்டப் போயிக் கேக்கறதுங்க?"

சீருடையில் இருந்த காலத்தில் இதற்குப் பதில் தெரியும். யூனிட் இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது, குடும்பப் பென்ஷன் இருக்கிறது. காங்கோவுக்கு என்னை அனுப்பியது இந்திய அரசு. இப்போது என்னை அனுப்பப்போவது ஒரு நாட்டில் பதிவு செய்து, இன்னொரு நாட்டில் ஆபீஸ் வைத்து, மூன்றாவது நாட்டில் ஹெலிகாப்டரைப் பதிவு செய்திருக்கும் ஒரு கம்பெனி.

படுக்கப் போகாமல் பாலிசிகளை எடுத்து வைத்துப் படித்தேன். என் ஆயுள் காப்பீட்டின் விபத்துப் பலனில் போர், உள்நாட்டுக் கலவரம் இரண்டும் விலக்கு. விமானக் காப்பீட்டிலும் ஏவிஎன் 48பி என்ற ஷரத்து இதையே செய்கிறது. போர், கிளர்ச்சி, கடத்தல் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். தனியாகப் பிரீமியம் கட்டி அதைத் திரும்ப வாங்கலாம். வாங்கினாலும் காப்பீட்டுக்காரர் ஏழு நாள் நோட்டீஸில் ரத்து செய்யலாம். அதுவும் ஹெலிகாப்டருக்கும் பயணிகளுக்கும்தான். ஓட்டுகிறவனுக்குத் தனி பாலிசி வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பது "தகுந்த காப்பீடு வழங்கப்படும்" என்ற ஒரே வரி. எந்தக் கம்பெனி, எவ்வளவு தொகை, போர் சேர்த்தியா, ஒன்றும் இல்லை.

8 மார்ச், சனி

நேற்று தெற்கு சூடானின் நாசிரில் ஐ.நா. ஹெலிகாப்டரைச் சுட்டிருக்கிறார்கள். செய்தியைப் பார்த்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த ஊர் ராணுவ முகாமை வெள்ளைப்படை என்ற ஆயுதக் குழு பிடித்தது. அங்கே சிக்கிய ராணுவத்தினரை மீட்கத்தான் ஹெலிகாப்டர் போனது. பத்திரமாகப் போய் வரலாம் என்ற உறுதி கிடைத்த பிறகே போயிருக்கிறது. ஊழியர் ஒருவர் இறந்தார். மீட்கப்பட வேண்டிய ஜெனரல் மஜூர் டாக்கும் இறந்தார்.

இது முதல் தடவை இல்லை. 2012 டிசம்பர் 21 அன்று ஜோங்லே மாநிலத்தில் லிகுவாங்கோலே பக்கம் ஐ.நா.வின் ஒரு எம்ஐ-8. ரஷ்யர்கள் நான்கு பேர் இறந்தார்கள். சுட்டது அந்நாட்டு அரசு ராணுவம். எதிரிக்குச் சாமான் இறக்க வந்த விமானம் என்று நினைத்துச் சுட்டதாகச் சொன்னார்கள். 2014 ஆகஸ்ட் 26, பெந்தியு பக்கம் இன்னொரு எம்ஐ-8. மூன்று பேர் இறந்து ஒருவர் பிழைத்தார். அதுவும் ஒப்பந்தக் கம்பெனி ஓட்டியது, வழக்கமான சரக்குப் பயணம்.

வெள்ளை பெயின்ட், பக்கவாட்டில் பெரிய கறுப்பு 'யு.என்.' எழுத்து, எல்லாம் இருந்தும் சுட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் நம் எம்ஐ-17ஐ வீழ்த்தியது நம்முடைய ஏவுகணைதான். உள்ளே ஆறு பேர், தரையில் ஒருவர் இறந்தார்கள். ரேடார், ஒரே படை, ஒரே மொழி எல்லாம் இருந்த இடத்திலேயே அப்படி நடந்தது. சதுப்பு நிலத்தில் கலாஷ்னிகோவோடு நிற்கும் பதினெட்டு வயதுப் பையனிடம், இன்று பத்து மணிக்கு வரும் வெள்ளை ஹெலிகாப்டரைச் சுடாதே என்று யார் போய்ச் சொல்வது? ஜூபாவில் ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டால் அது அந்தப் பையன் வரை போய்ச் சேருமா? ஜூபா வேலையின் ஆபத்து மொத்தமும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

12 மார்ச், புதன்

ஆப்கானிஸ்தானில் ஒப்பந்தத்தில் ஓட்டிய சீனியர் ஒருவரோடு நெடுநேரம் பேசினேன். மதுரைக்காரர்.

"தம்பி, துப்பாக்கிய விடுப்பா. சம்பளத்த எதுக்குக் குடுக்குறான்னு பாரு. பறந்தா காசு, பறக்கலேன்னா இல்லைன்னு எழுதியிருந்தா, வேணாம்னு சொல்ல உனக்கே வாய் வராது."

எடுத்துப் பார்த்தேன். அடிப்படை நாள் சம்பளம் ஒன்று, அதற்கு மேல் பறக்கும் மணிக்கு ஒரு தொகை. தளத்தைக் காலி செய்ய நேர்ந்தால் அன்றோடு இரண்டும் நிற்கும். கேப்டனுக்கு மறுக்கும் உரிமை உண்டு என்று கையேட்டில் இருக்கலாம். மறுத்த மாதம் வீட்டுக்கு அனுப்பும் பணம் பாதியாகிவிடும் என்றால் அந்த உரிமை ஏட்டளவில்தான்.

இன்னொன்றும் சொன்னார். சோமாலியாவில் போன வருடம் ஜனவரியில் ஐ.நா.வுக்காகப் பறந்த ஹெலிகாப்டர் கோளாறாகி அல்-ஷபாப் தீவிரவாதிகளின் பகுதியில் இறங்கியது. ஒருவரைக் கொன்றார்கள், பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். "பிடிச்சுட்டுப் போனா சம்பளம் ஓடுமா? அதக் கேளு."

16 மார்ச், ஞாயிறு

கேட்டுவிட்டேன். எழுத்தில், மரியாதையாக. போர் அபாயம் சேர்த்த பாலிசியின் நகல் மனைவி பெயரோடு வேண்டும். பாதுகாப்புக் காரணத்தால் நான் மறுக்கும் பயணத்துக்கும் மணித்தொகை பிடிக்கக் கூடாது. அரசுத் தரப்பும் எதிர்த் தரப்பும் தந்த பாதுகாப்பு உறுதியை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கேப்டன் நேரில் பார்க்க வேண்டும். பிடிபட்டால் விடுதலையாகி வீடு வரும் நாள் வரை சம்பளம் குடும்பத்துக்குப் போக வேண்டும். கடைசி வரியை எழுதும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஆஸ்பத்திரிச் செலவும் சேர்த்து எழுதுங்க" என்றாள். சேர்த்தேன்.

27 மார்ச், வியாழன்

பதில் வந்தது. பாலிசி நகல், சேர்ந்த பிறகு தருவார்களாம். மறுத்த பயணத்துக்கு மணித்தொகை கிடையாது. பிடிபட்டால் "அந்தந்தச் சூழ்நிலைக்கேற்ப" முடிவெடுப்பார்களாம். உறுதிகளைப் பார்க்கலாம், தடையில்லை.

நேற்று ஜூபாவில் ரியக் மச்சாரை வீட்டுக் காவலில் வைத்துவிட்டார்கள். எதிர்த் தரப்பின் தலைவரே அவர்தான். இனி அந்தப் பக்கத்து உறுதியை யார் தருவார்கள், கொடுத்தாலும் களத்தில் இருப்பவர்கள் அதை மதிப்பார்களா? கம்பெனி தயங்காமல் ஒத்துக்கொண்ட ஒரே கோரிக்கையும் நேற்றோடு பலவீனமாகிவிட்டது.

30 மார்ச், ஞாயிறு

வரவில்லை என்று எழுதி அனுப்பினேன். நான் கேட்ட நான்கையும் ஒப்பந்தத்தில் சேர்த்தால் மறுபடி பேசலாம் என்றும் எழுதினேன். உண்மையாகவே சொன்னேன். பெந்தியுவில் மழைக்கு முன் யாரோ ஒருவர் அந்த எம்ஐ-8ஐ இறக்கித்தான் ஆக வேண்டும், அவர் நன்றாக ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். போகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது.

கேதார்நாத் யாத்திரை சீசனில் ஹெலிகாப்டர் ஓட்ட ஒரு அழைப்பு நிலுவையில் இருக்கிறது. மே 2 நடை திறப்பு. பெல் 407 ஹெலிகாப்டர் ஓட்டும் ரேட்டிங் கையில் இருக்கிறது. அங்கே யாரும் சுடப்போவதில்லை, ஆனால் 2022 அக்டோபரில் மேகத்துக்குள் போன பெல் 407இல் ஏழு பேர் போய்விட்டார்கள். நாளை காலை போன் செய்ய வேண்டும். பள்ளத்தாக்கில் மேகம் இறங்கும்போது கேப்டன் ஷட்டிலை நிறுத்தினால் அன்றைய காசு பிடிப்பார்களா என்றுதான் முதலில் கேட்கப்போகிறேன்.