ராபின்சன் பூங்காவில் எங்கள் படங்கள்

ஜனவரி 21, புதன்

அனுமதி கிடைத்துவிட்டது! சனியும் ஞாயிறும் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் நாங்கள் வரைந்த படங்களை வைக்கலாம். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, நடைபாதையை மறிக்கக் கூடாது. நியாயமான நிபந்தனைதான். சவுக்குக் கழிக்கும் கயிற்றுக்கும் பந்தல்காரரிடம் சொல்லியாச்சு.

"கேலரி எடுக்காம ஏன்டி பூங்கா?" என்று கூடப் படித்தவள் கேட்டாள். லலித் கலா அகாடமி கிரீம்ஸ் ரோட்டில் இருக்கிறது. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில். காசிமேட்டில் வலை பின்னுகிறவர் ஒரு படம் பார்க்க அவ்வளவு தூரம் போவாரா? போனாலும் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைய மனசு வருமா? நம் தெருவையும் கடலையும் வரைந்துவிட்டு, அதை நம் ஜனங்கள் பார்க்காத இடத்தில் மாட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜனவரி 24, சனி

காலையிலேயே கடல்காற்று. தாளில் வரைந்த வாட்டர்கலர் எல்லாம் ஈரம் குடித்து நெளிந்துவிட்டது. கேன்வாஸ் தாக்குப்பிடித்தது.

பேனர் மாஸ்டரை அழைத்து வந்ததுதான் நாங்கள் செய்த நல்ல காரியம். சினிமா பேனர் எழுதியே குடும்பம் நடத்தியவர். பிளெக்ஸ் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் மழையில் நடந்த பூங்கா இது. "எங்க நைனா அந்தக் கூட்டத்துல நனைஞ்சிக்கினே நின்னவரு" என்று சொல்லிக்கொண்டே துணியை விரித்தார்.

கையகலப் போட்டோவில் பென்சிலால் கட்டம் போட்டார். நூலைச் சாக்பவுடரில் தோய்த்து, துணியில் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கச் சொல்லிச் சுண்டினார். பளிச்சென்று கோடு விழுந்தது. அப்படியே துணி முழுக்கப் பெரிய கட்டங்கள். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு சின்னப் பெண்ணிடம் கரித்துண்டைக் கொடுத்து, "மூஞ்சியப் பாக்காத கண்ணு. இந்தக் கட்டத்துல கோடு எங்க நுழையுது, எங்க வெளிய போவுது, அத மட்டும் பாரு" என்றார். அவள் போட்டது காது. இரண்டடி உயரத்துக்கு, அச்சு அசல் காது! பெரியமேட்டில் 1850இலிருந்து இருக்கிற ஓவியக் கல்லூரியில்தான் நான் படித்தேன். அங்கே எனக்குக் கிடைத்த எந்த வகுப்புக்கும் இது குறைந்ததில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

நல்ல கூட்டம். வாக்கிங் வந்தவர்கள், மாதா கோயில் முடிந்து வந்தவர்கள், மீன் விற்றுத் திரும்பிய அம்மாக்கள்.

தம்பி ஒருவன் வரைந்த கட்டுமரப் படத்தின் முன்னால் வயதான ஒருவர் வெகுநேரம் நின்றார். கைவிரலெல்லாம் காப்புக் காய்ச்சியிருந்தது. "இத்த யாருப்பா போட்டது? கயித்த சரியாப் போட்டுக்கிற. மத்தவங்கல்லாம் மரத்த ஆணி அடிச்ச மாதிரி வரைவாங்க" என்றார். தம்பிக்குப் பேச்சே வரவில்லை. எந்த விமர்சகர் அந்தக் கயிற்றைப் பார்த்திருப்பார்?

எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலை வரைந்த படத்துக்கு எதிர்ப்பும் வந்தது. "நம்ம ஏரியான்னாலே புகையும் குப்பையும்தானா? அழகா எதனா போடக்கூடாதா?" என்று ஒரு அண்ணன் கோபமாகவே கேட்டார். பக்கத்திலிருந்த அக்கா விடவில்லை. "எங்க மொட்டமாடியில துணி காயப்போட்டுப் பாருண்ணே, இதே கலர்லதான் எடுப்ப." இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். இரண்டு பேர் சொன்னதும் எனக்கு வேண்டியதுதான். வடசென்னையை அழுக்காகவே காட்டிக் காட்டிச் சலித்த கோபம் அந்த அண்ணனுடையது; அது உண்மையான கோபம். ஆனாலும் அந்தப் படத்தை நான் கழற்ற மாட்டேன்.

பெரிய படங்கள் அவ்வளவாக விற்கவில்லை. ஐம்பது ரூபாய் பிரிண்ட்டுகள் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டன.

ஜனவரி 28, புதன்

மாநகராட்சிக்கு மனு எழுதினோம். மாதம் ஒரு ஞாயிறு பூங்கா வேண்டும்; மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டகையும் கேட்டிருக்கிறோம். மாஸ்டர்தான் முதல் கையெழுத்து, பேனர் எழுத்து மாதிரியே கொட்டையாக. நாளைக்கு மண்டல அலுவலகத்தில் கொடுக்கிறோம்.